கவசத்தில் விடுபட்ட இடம்

தேவி கவசத்தில் காவல் கேட்பது திசைகளில் தொடங்குகிறது. கிழக்கில் ஐந்த்ரி, தெற்கில் வாராஹி, மேற்கில் வாருணி. தலைக்கு மேலே பிரம்மாணி, காலுக்குக் கீழே வைஷ்ணவி. எதிரே ஜயா, முதுகுப்புறம் விஜயா. நாலாபுறமும் அடைபட்ட பிறகு உடம்புக்கு வருகிறது. தலையை உமா காக்க வேண்டும், நெற்றியை மாலாதரி, நாக்கைச் சரஸ்வதி, தொண்டையைச் சண்டிகை, இதயத்தை லலிதா. இப்படியே இறங்கி முழங்கால், கணுக்கால், உள்ளங்கால் வரை போய், அங்கும் நிற்காமல் தோலுக்குள் நுழைகிறது. ரத்தம், மஜ்ஜை, எலும்பு, குடல், பித்தம், கபம், மயிர்க்கால் என்று எதையும் விடுவதில்லை. மனிதனின் நிழலுக்குக்கூட ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் சத்ரேஸ்வரி. அகங்காரம், மனம், புத்தி மூன்றையும் தர்மதாரிணியிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி மக்கள், மாடு கன்று, போகிற பாதை என்று வீட்டுக்கு வெளியே நடக்கிறது.

இவ்வளவையும் சொல்லி முடிக்கும் தறுவாயில் ஒரு சின்ன வேண்டுகோள் வருகிறது. இந்தக் கவசத்தில் எந்த இடம் சொல்லாமல் விடுபட்டதோ, எதற்குக் காவல் இல்லையோ, அதையும் நீயே பார்த்துக்கொள் என்கிறது அது. பட்டியல் போட்டவரே பட்டியல் போதவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். நவராத்திரிப் பாராயணத்தில் பெரும்பாலும் ஒரே மூச்சில் கடந்துபோகிற இந்த வரியில் நின்று யோசிக்க நிறைய இருக்கிறது. ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொன்னால்தான் காவல் என்றால், சொல்லாத இடத்தை அவள் எப்படிக் காப்பாள்? சொல்லாததையும் காப்பாள் என்றால், இத்தனை பெயர் எதற்கு?

கவசம், அர்க்கலம், கீலகம் என்ற மூன்றும் தேவி மாஹாத்மியத்தின் வாசலில் நிற்கும் துதிகள். மூலநூல் மார்க்கண்டேய புராணத்துக்குள் இருக்கிறது. பதின்மூன்று அத்தியாயங்கள். ஆய்வாளர்கள் பொதுவாக இதை 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். வங்கத்தில் இதைச் ‘சண்டி’ என்பார்கள், வட இந்தியாவில் ‘துர்கா சப்தசதி’. ஆபத்து வந்தால் எடுத்துப் படிக்கிற நூல் என்ற பெயர் இதற்கு எல்லா இடத்திலும் உண்டு. தமிழ்நாட்டிலும் வீட்டில் நோய், வழக்கு, பிள்ளைக்கு வந்த கண்டம் என்றால் சண்டி ஹோமம் செய்யச் சொல்கிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சொல்லால் காவல் வருமா என்ற சந்தேகம் நாத்திகர்கள் மட்டும் கிளப்பியது அல்ல. வேதம் ஓதியவர்களுக்குள்ளேயே அது எழுந்தது. வேதச் சொற்களுக்குப் பொருள் காண யாஸ்கர் எழுதிய நிருக்தத்தில் கௌத்ஸர் என்ற ஆசிரியரின் வாதம் பதிவாகியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய விவாதம் இது. மந்திரங்களுக்குப் பொருள் என்று எதுவும் கிடையாது என்பது கௌத்ஸரின் கட்சி. அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று, வியப்பாக, காவல் கேட்கும் மந்திரம்தான். வேள்வித் தூணுக்காக மரம் வெட்டும்போது முதலில் மரத்தின் மேல் ஒரு தர்ப்பையை வைத்து, இவனைக் காப்பாற்று என்று அந்தப் புல்லிடம் சொல்ல வேண்டும். பிறகு கோடரியிடம், இவனை நோகடிக்காதே என்று சொல்லிக்கொண்டே ஓங்கி வெட்ட வேண்டும். புல் எப்படிக் காப்பாற்றும்? வெட்டுகிறவனே வெட்டாதே என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? ஆகவே இவை வெறும் ஓசை, சடங்கின் ஓர் உறுப்பு, அவ்வளவுதான் என்றார் கௌத்ஸர்.

யாஸ்கர் விடவில்லை. உலக வழக்கில் பேசும் அதே சொற்கள்தான் மந்திரத்திலும் இருக்கின்றன, ஆகவே பொருளும் உண்டு என்றார். உங்களுக்கு விளங்கவில்லை என்றால் அது மந்திரத்தின் குற்றம் ஆகாது, குருடன் தூணில் மோதிக்கொண்டால் தூணைக் குறை சொல்வார்களா என்றும் கேட்டார். கோடரியிடம் பேசும் அந்த மந்திரத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஆனாலும் கௌத்ஸரின் கேள்வி சாகவில்லை. பின்னால் வந்த, வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் மந்திரத்துக்குப் பொருள் உண்டு என்ற பக்கமே நின்றார்கள். ஆனால் இன்னொரு இடத்தில் கௌத்ஸரையும் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவரான சபரர் தம் உரையில், தேவதைக்கு உடம்பு இல்லை, அது வந்து உண்பதும் இல்லை, மகிழ்ந்து வரம் கொடுப்பதும் இல்லை என்று வாதாடுகிறார். பலனைத் தருவது சடங்குதான், தேவதை அல்ல. இதை ஏற்றால் கவசம் சொல்கிறவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்றாகிவிடும்.

பக்தி அப்படிச் சொல்லாது. அவள் கேட்கிறாள், அதனால் சொல்கிறோம் என்பதுதான் பாராயணத்துக்கு உட்காருகிறவர்களின் நம்பிக்கை. ஆனால் சண்டி ஹோமத்தை அருகில் உட்கார்ந்து பார்த்தால் இந்த இரண்டு கட்சிகளும் ஒரே குண்டத்தில் எரிவது தெரியும். ‘சப்தசதி’ என்றால் எழுநூறு. நூலில் இருக்கும் சுலோகங்களை எண்ணினால் அறுநூறுகூடத் தேறாது. மீதி எங்கிருந்து வருகிறது? ‘ரிஷி சொன்னார்’, ‘தேவி சொன்னாள்’ என்று பேசுபவரை அறிவிக்கிற வரிகள் தனி மந்திரங்களாக எண்ணப்படுகின்றன. சில அரைச் சுலோகங்களும் முழு மந்திரக் கணக்கில் வருகின்றன. ஐந்தாம் அத்தியாயத்தில் எல்லா உயிர்களிலும் இன்ன உருவில் இருப்பவளுக்கு வணக்கம் என்று அடுக்கிக்கொண்டு போகும் சுலோகங்களில், மூன்று முறை வரும் வணக்கம் மூன்று மந்திரமாகிறது. இப்படித்தான் எழுநூறு. ‘ரிஷி சொன்னார்’ என்ற வரி வந்ததும் ஹோமம் செய்பவர் ஸ்வாஹா சொல்லி நெய்யையோ பாயசத்தையோ தீயில் இடுகிறார். அந்த வரியில் வேண்டுதல் இல்லை, துதி இல்லை. கதை சொல்கிறவரின் அறிவிப்பு மட்டும்தான். அதற்கும் ஆஹுதி உண்டு.

இந்தக் கணக்கைப் பற்றி ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் காவிரிக்கரையில் வாழ்ந்தவர். 18-ஆம் நூற்றாண்டின் பாஸ்கரராயர். கும்பகோணம் பக்கத்தில் அவர் பெயரிலேயே பாஸ்கரராஜபுரம் என்ற ஊர் இருக்கிறது. லலிதா சஹஸ்ரநாமத்துக்கு அவர் எழுதிய ‘சௌபாக்ய பாஸ்கரம்’ இன்றும் கற்பவர்கள் கையில் முதல் உரை. தேவி மாஹாத்மியத்துக்கு அவர் எழுதிய உரையின் பெயர் ‘குப்தவதி’. கதையாகப் படிக்கிறவர்களுக்கு எங்கே சுலோகம் முடிகிறது என்பதில் பெரிய அக்கறை இருக்காது. மந்திரமாக ஓதுகிறவருக்கோ எங்கே பிரிப்பது என்பதே வழிபாடு. ஒரே நூல் ஒரே சமயத்தில் கதையாகவும் மந்திரமாகவும் இருப்பதை அவர் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்.

எங்கே பிரிப்பது, எப்படி உச்சரிப்பது என்ற பயம் சாதாரண பக்தரையும் விடுவதில்லை. தமிழ் எழுத்தில் அச்சான தேவி மாஹாத்மியப் புத்தகத்தைத் திறந்தால் ‘க’வின் தோளில் 2, 3, 4 என்று சின்னச் சின்ன எண்கள் ஏறி உட்கார்ந்திருக்கும். ‘ப’வுக்கும் ‘த’வுக்கும் அப்படியே. எந்தக் ‘க’வை அழுத்த வேண்டும், எதை மூச்சோடு சொல்ல வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூடி உட்காரும் பெண்கள் அந்த எண்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே சொல்வார்கள். தப்பாகச் சொன்னால் தீங்கு வருமோ என்ற கவலை அவர்களில் பலருக்கு உண்டு. கவலைக்கு ஆதாரமான கதையும் பழையது. இந்திரனைக் கொல்லும் மகனை வேண்டி வேள்வி செய்த த்வஷ்டா ஒரு சொல்லில் ஸ்வரத்தை மாற்றிப் போட, இந்திரனால் கொல்லப்படும் மகன் பிறந்தான். அவன்தான் விருத்திரன். பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, இலக்கணம் ஏன் கற்க வேண்டும் என்பதற்குக் காரணமாக இதைச் சுட்டுகிறார்.

ஆனால் அந்தக் கதை வேத ஸ்வரத்தைப் பற்றியது. அதுவும் பிறரைக் கொல்ல நினைத்தவனின் கதை. தேவி பாராயணமோ மன்னிப்புக் கேட்காமல் முடிவதே இல்லை. எழுத்து நழுவியிருந்தால், மாத்திரை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள் என்று தாயிடம் வேண்டிக்கொண்டுதான் புத்தகத்தை மூட வேண்டும். கவசத்தில் விடுபட்ட உறுப்புக்குச் சொன்ன அதே பதில் இங்கே விடுபட்ட எழுத்துக்கும். உச்சரிப்பைச் சொல்லி எளிய மனிதர்களைப் பயமுறுத்துகிறவர்கள் இந்தக் கடைசிப் பக்கத்தை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

இன்னொரு பக்கம், மந்திரத்தின் ‘அதிர்வு’ உடம்பைக் காக்கிறது என்று அறிவியல் பேசுகிறவர்களும் உண்டு. உண்மையான ஓர் ஆய்வு இருக்கிறது. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. 23 பேரை லத்தீன் மொழியில் மரியன்னை ஜெபத்தையும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகத் தணிந்தது. இதயத்தின் தாள ஒழுங்குக்கும் அது நன்மை செய்தது. நல்ல செய்திதான். ஆனால் லத்தீனும் சம்ஸ்கிருதமும் ஒரே பலனைத் தந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆய்வு மூச்சைப் பற்றியது. கவசம் சொல்கிறவர் மூச்சைக் கேட்கவில்லை, அவளைக் கேட்கிறார்.

பொருள் தெரியாமல் சொல்வதில், கேட்பதில் ஒன்றுமே இல்லையா? கொல்கத்தா வேறு பதில் சொல்கிறது. மகாளய அமாவாசையன்று அதிகாலை நான்கு மணிக்கு வானொலியில் ‘மஹிஷாசுரமர்த்தினி’ ஒலிக்கும். 1930-களின் தொடக்கத்திலிருந்து வரும் வழக்கம். பாணி குமார் எழுதி, பங்கஜ் குமார் மல்லிக் இசையமைத்தது. வங்காளி உரைநடையும் பாட்டும் நடுநடுவே சண்டியின் சம்ஸ்கிருதச் சுலோகங்களுமாகப் போகும் அதில், ஓதுகிற குரல் பீரேந்திர கிருஷ்ண பத்ரருடையது. அவர் பிராமணர் அல்லர். சண்டியை அவர் ஓதலாமா என்று ஆரம்பத்தில் எதிர்ப்புக் கிளம்பியதாக அங்கே சொல்வார்கள். 1976-இல் வானொலி நிலையம் அவரை நீக்கிவிட்டு, வங்கத் திரையின் பெரும் நட்சத்திரமான உத்தம் குமாரை வைத்து ஒரு புதிய நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. மக்கள் கொதித்துப் போனார்கள். பத்ரரின் குரலைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. போர்வைக்குள் படுத்தபடி கேட்டவர்களில் எத்தனை பேருக்குச் சுலோகங்களின் பொருள் தெரிந்திருக்கும்? அந்தக் குரலில் தழுதழுத்த அழைப்பு அவர்களுக்குத் தெரிந்தது. யாரை அழைக்கிறார் என்பதும் தெரிந்தது. கௌத்ஸரும் யாஸ்கரும் கணக்கில் எடுக்காத ஒரு பொருள் அது.

இருந்தாலும் பொருளைப் படித்தால் கிடைப்பது வேறு. தேவி மாஹாத்மியத்தை ஒருமுறையாவது பொருளோடு படித்தவர்கள், காவல் என்ற எண்ணத்தையே அது எப்படித் திருப்பிப் போடுகிறது என்று கண்டு திகைப்பார்கள்.

கதை காட்டில் தொடங்குகிறது. சுரதன் என்ற அரசன் பகைவரிடமும் தன் அமைச்சர்களிடமும் நாட்டைப் பறிகொடுத்துவிட்டு மேதஸ் முனிவரின் ஆசிரமத்துக்கு வருகிறான். அங்கே சமாதி என்ற வணிகனைச் சந்திக்கிறான். பணத்துக்காக மனைவியும் பிள்ளைகளுமே விரட்டியடித்த மனிதன் அவன். ஆனாலும் காட்டில் உட்கார்ந்து, பிள்ளைகள் நலமாக இருக்கிறார்களா என்று கவலைப்படுகிறான். இதை ஒரு நிமிடம் கவசத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மனைவியைக் காப்பாற்று, பிள்ளைகளைக் காப்பாற்று என்று கவசத்தில் வேண்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால், மனைவி மக்களால் வீதிக்கு வந்தவன் நிற்கிறான். இத்தனைக்குப் பிறகும் ஏன் இந்தப் பாசம் போகவில்லை என்று இருவரும் முனிவரைக் கேட்கிறார்கள். மகாமாயை என்கிறார் முனிவர். ஞானிகளின் மனத்தைக்கூட இழுத்து மோகத்தில் தள்ளுகிறவள் அவள்தான். அவிழ்த்து விடுகிறவளும் அவளே.

யாரிடம் காவல் கேட்கிறோமோ, அவளேதான் கட்டியும் போட்டிருக்கிறாள். ஐந்தாம் அத்தியாயத்தில் தேவர்கள் அவளை அடுக்கடுக்காக வணங்கும்போது அறிவு, கருணை, பொறுமை, தாய்மை என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். அந்த வரிசையில் பசியும் தாகமும் உறக்கமும் உண்டு, ‘பிராந்தி’ என்ற மயக்கமும் உண்டு. ஆபத்து வெளியே இருக்கிறது, அவள் உள்ளே நின்று தடுக்கிறாள் என்ற எளிய படம் இங்கே நிற்காது.

நூலில் வரும் முதல் அபயக் குரலும் இதைத்தான் காட்டுகிறது. விஷ்ணு பாம்பணையில் உறங்குகிறார். அவர் காதழுக்கிலிருந்து பிறந்த மது, கைடபன் இருவரும் நாபித் தாமரையில் இருக்கும் பிரம்மாவைக் கொல்ல வருகிறார்கள். பிரம்மாவிடம் ஆயுதம் இல்லை. விஷ்ணுவின் கண்களில் குடியிருக்கும் யோகநித்திரையைத் துதிக்கிறார். அவள் வந்து அசுரர்களைக் கொல்லவில்லை. விஷ்ணுவின் கண், வாய், மூக்கு, தோள், மார்பு எல்லாவற்றிலிருந்தும் விலகி வெளியே வருகிறாள், அவர் விழித்துக்கொள்கிறார். ஐயாயிரம் ஆண்டு மற்போர் நடக்கிறது. கடைசியில் அவள் மயக்கியதால் அசுரர்கள் மமதையில் விஷ்ணுவுக்கே வரம் தருகிறார்கள், அந்த வரத்தாலேயே சாகிறார்கள். காப்பாற்றும்படி கேட்டதற்குக் கிடைத்த பதில், உறங்கிக்கொண்டிருந்த ஒருவரின் விழிப்பு.

இதைப் படித்த பிறகு பன்னிரண்டாம் அத்தியாயத்தில், படித்தால் என்ன பலன் என்று சொல்லும் பலஸ்ருதியை வேறு கண்ணோடு பார்க்க முடியும். அங்கே ஆபத்துகளின் பட்டியல் வெகு துல்லியம். காட்டுத்தீ, ஆளில்லா இடத்தில் சூழ்ந்துகொண்ட திருடர்கள், துரத்தி வரும் சிங்கம், புலி, யானை, கோபம் கொண்ட அரசன் விதித்த கொலைத் தண்டனை, நடுக்கடலில் காற்றில் சுழலும் படகு. குழந்தைகளைப் பீடிக்கும் கிரகங்களும் கெட்ட கனவும்கூட உண்டு. இதையெல்லாம் அனுபவித்த சமூகம் எழுதிய பட்டியல் என்பது படித்தவுடன் தெரியும். அவளை நினைத்தால் இவற்றிலிருந்து விடுபடலாம் என்கிறது நூல். பாராயணம் செய்த வீட்டிலும் சாவு வருகிறது, நோய் வருகிறது. பலஸ்ருதியைக் காப்பீட்டுப் பத்திரம்போலப் படிக்கிறவர் அன்றைக்கு உடைந்துபோகிறார். எங்கே தப்பு நடந்தது, எந்த எழுத்தை விட்டோம் என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார். துக்கத்தில் இருக்கும் ஒரு தாயிடம், ஸ்லோகத்தைச் சரியாகச் சொல்லவில்லையோ என்று கேட்கிற உறவினர் இருக்கிறாரே, அவரைவிடக் கொடிய வாசகர் இந்த நூலுக்குக் கிடையாது.

கீலகம் அந்த வாசிப்புக்கு முன்கூட்டியே பூட்டுப் போட்டிருக்கிறது. இந்த ஸ்தோத்திரம் யார் சொன்னாலும் உடனே பலித்துவிடக்கூடாது என்று மகாதேவரே இதை ஆப்பு அடித்து முடக்கி வைத்திருப்பதாக அது சொல்கிறது. திறக்கும் வழியும் அங்கேயே இருக்கிறது. தேய்பிறைச் சதுர்த்தசியிலோ அஷ்டமியிலோ மனத்தை ஒருமுகப்படுத்தி, தன்னுடையது எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவள் கொடுப்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். உரைகாரர்கள் விளக்குவது இப்படி: சம்பாதித்ததை அவள் காலடியில் வைத்துவிட்டு, வாழ்க்கைக்குத் தேவையானதை அவளுடைய பிரசாதமாக எடுத்துக்கொள். கொடுக்காதவருக்குச் சண்டி திறக்காது.

அர்க்கலத்தில் அழகு கொடு, வெற்றி கொடு, புகழ் கொடு என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்திலேயே எல்லாவற்றையும் கொடு என்று நம்மிடம் கேட்கிற துறவு வருகிறது. இந்த இடத்திலிருந்து கவசத்தின் உறுப்புப் பட்டியலைத் திரும்பப் பார்த்தால் அது வேலி போடுகிற பட்டியலாகத் தெரியாது. ஒப்படைப்புப் பத்திரமாகத் தெரியும். நாக்கைச் சரஸ்வதி காக்கட்டும் என்று காலையில் சொல்லிவிட்டு, சாயங்காலம் அதே நாக்கால் அண்டை வீட்டுக்காரரை அவதூறு பேச முடியுமா? நாக்கு இனி சொன்னவருடையது இல்லையே. நிழல் வரைக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. விடுபட்ட இடத்தையும் எடுத்துக்கொள் என்ற வேண்டுகோள், தனக்கென்று எதையும் மிச்சம் வைக்க மறுக்கிற வேண்டுகோள்.

தமிழில் இதைப் புரிந்துகொண்டு எழுதிய கவிஞர் பாரதி. உறுப்புகளைச் சொல்லிக் காவல் கேட்பது தமிழருக்குப் புதிதன்று. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் இன்றும் வீடுதோறும் ஒலிக்கிறது. பாரதியின் ‘சக்திக்கு ஆத்ம சமர்ப்பணம்’ அதே பட்டியலைக் கையில் எடுக்கிறது. கை, கண், செவி, வாய், தோள், நெஞ்சு, வயிறு, கால், மனம், சித்தம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. எதற்கும் காவல் கேட்கவில்லை அவர். ஒவ்வோர் உறுப்பையும் சக்தியின் கருவியாக்கிவிடச் சொல்கிறார். அப்படி ஆக்கினால் அந்தக் கை என்ன செய்யும், அந்தக் கண் எதைக் காணும் என்று பலனையும் கூடவே சொல்கிறார். அவர் சொல்லும் பலன்களில் பெரும்பாலானவை உறுப்பு பத்திரமாக இருப்பதைப் பற்றியவை அல்ல, அது செய்யப்போகும் வேலையைப் பற்றியவை.

தேவி மாஹாத்மியத்தின் முடிவில் சுரதனும் சமாதியும் ஆற்றங்கரையில் மண்ணால் அவள் உருவைச் செய்து வைத்து மூன்று ஆண்டுகள் வழிபடுகிறார்கள். தங்கள் உடம்பிலிருந்தே ரத்தத்தை எடுத்துப் படைக்கிறார்கள். அவள் வந்து என்ன வேண்டும் என்கிறாள். இழந்த நாடு வேண்டும், மறுபிறவியிலும் அசையாத அரசு வேண்டும் என்கிறான் சுரதன். தருகிறாள். ‘நான்’, ‘எனது’ என்ற பற்று அறுகிற ஞானம் போதும் என்கிறான் சமாதி. அதையும் தருகிறாள். இரண்டு பேரும் சொன்னது ஒரே ஜபம்.